மல்லாரிக்கு நான்கு குரல்

மயிலாடுதுறை பேருந்து நிலையத்தில் காரைக்கால் வண்டி கிளம்பும்போது இன்னும் வெயில் ஏறவில்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் சாம்பல் நிறத்தில் கேம் பாய் என்ற பழைய கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்று, ஒரு சால்டரிங் அயர்ன், மூன்று முனை கொண்ட சின்ன ஸ்க்ரூ டிரைவர், எட்டு பென்டார்ச் செல். ஆனி மாதம். முன் இருக்கையில் ஒரு குடும்பம் மாங்கனித் திருவிழாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. கூடையில் நேர்ந்துகொண்ட மாம்பழங்கள். வண்டி முழுக்க அந்த வாசனை.

நான் போனது இரண்டு காரியமாக. காரைக்காலில் நண்பனின் அத்தை வீட்டுப் பரணில் இன்னொரு கேம் பாய் பல வருஷமாகக் கிடக்கிறது. அதற்கு உயிர் கொடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, பிச்சாண்டவர் வீதியுலாவில் நாயனக்காரர்கள் வாசிக்கும் மல்லாரி கேட்க வேண்டும். மூன்று மாதமாக என் கேம் பாயில் ஒரு மல்லாரியைக் கட்டிக்கொண்டிருந்தேன். சுரம் சரியாக இருந்தது, தாளம் சரியாக இருந்தது. ஆனாலும் கேட்டால் நாயனம் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கவில்லை. எங்கே குறை என்பது பிடிபடவும் இல்லை.

செம்பனார்கோயிலில் வண்டி நின்றது. நாகஸ்வரம் கேட்பவர்களுக்கு இது சாதாரண ஊர் அல்ல. ராமசாமிப் பிள்ளையின் ஊர். ரக்தி வாசிப்புக்கென்றே பேர் வாங்கிய பரம்பரை; மல்லாரி என்றாலும் முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் இந்த ஊர்ப் பெயர் உண்டு. காதில் என் மல்லாரி ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்போனைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன். அந்த ஊரில் வைத்து அதைக் கேட்க மனசு வரவில்லை. ஆக்கூர் தாண்டி, திருக்கடையூர் தாண்டி, பொறையாரில் கூட்டம் இறங்கி ஏறிய பிறகுதான் மறுபடி எடுத்தேன்.

நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு முடிகிறது. பூவம். அதே வயல், அதே வாய்க்கால், அதே பனைமரம். பலகைகளில் மட்டும் புதுச்சேரி அரசு என்றிருக்கும். சாலையோரம் மதுக்கடைகள் சட்டென்று பெருகும். கோட்டுச்சேரி வந்தால் ஊர் நெருங்கிவிட்டது. 1739-ல் தஞ்சாவூர் மராட்டிய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் வாங்கிய நிலம் இது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவுக்கு வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-ல்தான் முடிந்தது. அந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்று எழுதிக்கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்களாகவே தொடரலாம் என்று ஏற்பாடு. எழுதிக்கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகள் பாரிஸுக்கும் அதன் சுற்றுப்புறங்களுக்கும் போனார்கள், விடுமுறைக்கு வந்தார்கள், பெட்டி நிறையச் சாமான் கொண்டுவந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் மாவட்டம் முழுக்கவே 2,00,222 பேர்தான். அந்தச் சின்ன ஊரில் எத்தனை வீட்டுப் பரண்களில் பிரான்ஸ் பெட்டி இருக்கிறது என்பதைப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

அத்தை வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. தெருவில் வழி கேட்டபோது, "சொல்தா வீடா?" என்று திருப்பிக் கேட்டுத்தான் காட்டினார்கள். பிரெஞ்சில் சிப்பாய்க்கு உள்ள சொல் இந்த ஊர்த் தமிழில் அப்படியே தங்கிவிட்டது.

"அது கெடக்குது தம்பி பரண்ல," என்றார் அத்தை. "எம் பையன் சின்னதுல கொண்டாந்தான். போறப்ப பேட்டரியக்கூட எடுக்கல. பார்த்து எடுங்க, என்னமோ கசிஞ்சிருக்கு."

கேம் பாய் ஜப்பானில் 1989 ஏப்ரலில் வெளிவந்தது. ஐரோப்பாவுக்கு அடுத்த வருஷம். நின்டெண்டோவில் குன்பெய் யோகோயின் குழு செய்தது. அதன் பின் வந்த வண்ணத்திரைக் கருவியையும் சேர்த்து உலகம் முழுக்க 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல் விற்றது. நம் ஊரில் அதை வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். எங்கள் தெருவுக்கு வந்ததெல்லாம் திருவிழாக் கடையில் விற்ற பிரிக் கேம்தான். கட்டங்கள் மேலிருந்து விழும், கீச்சென்று கத்தும், அவ்வளவே. முதன்முதல் ஒரு கேம் பாயைக் காதில் மாட்டிக் கேட்டபோது, இவ்வளவு சின்னப் பெட்டிக்குள் ஒரு கச்சேரியே உட்கார்ந்திருக்கிறதே என்று நின்றுவிட்டேன். அந்த வியப்பு இன்னும் போகவில்லை.

அந்தப் பெட்டிக்கு நான்கு குரல்தான். இரண்டு சதுர அலைக் குரல்கள். நாமே வடிவம் வரைந்து கொடுக்கும் அலைக்குரல் ஒன்று, அதற்கு 32 படி, ஒவ்வொரு படிக்கும் 16 உயரம். நான்காவது வெறும் இரைச்சல், வானொலியில் நிலையம் மாறும்போது வருமே, அது. இந்த ஒலிப்பகுதியை அமைத்தவர் ஹிரோகாசு டனாகா. அவர் பொறியாளர், இசையமைப்பாளரும்கூட. விளையாட்டுக்குப் பின்னணி போட அமைத்ததை மற்றவர்கள் வாத்தியமாகவே எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மனியில் ஹாம்பர்க் கலைக்கல்லூரி மாணவராக இருந்த ஆலிவர் விட்சோ 1998-ல் நானோலூப் என்ற நிரலை எழுதினார். 2000-ல் சுவீடனைச் சேர்ந்த யோஹான் கோட்லின்ஸ்கி லிட்டில் சவுண்ட் டிஜே என்ற நிரலைக் கொண்டுவந்தார். கார்ட்ரிட்ஜில் ஏற்றிச் செருகினால் கேம் பாய் திரையில் விளையாட்டுக்குப் பதில் சுரவரிசை எழுதும் கட்டங்கள் வரும். இப்படிச் செய்யும் இசைக்குத்தான் சிப்ட்யூன் என்று பெயர். பதிவு செய்த ஒலியை ஓட்டுவதல்ல. சில்லுக்கு ஒவ்வொரு கணமும் கட்டளை கொடுத்து அதையே பாட வைப்பது.

பரணிலிருந்து இறங்கிய பெட்டி மஞ்சள் பூத்திருந்தது. பின்மூடியைத் திறந்தேன். நான்கு செல்லும் வெள்ளையும் பச்சையுமாகப் பொங்கி, வில்கம்பிகளோடு ஒட்டிப்போயிருந்தன. காரைக்காலில் கடல் கூப்பிடு தூரம்; உப்புக்காற்று உள்ளே புகுந்து பாக்கி வேலையைச் செய்திருந்தது. அத்தை அடுக்களையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அரிந்து கொண்டுவந்து வைத்தார். செல்லிலிருந்து கசிந்தது காரம். அதை அறுக்கப் புளிப்புத்தான் வேண்டும். காது குடையும் பஞ்சுக்குச்சியைச் சாற்றில் தோய்த்துத் தொட்டதும் நுரைத்தது. தேய்க்கத் தேய்க்கக் கீழே உலோகம் தெரிந்தது. பிறகு ஸ்பிரிட்டால் துடைத்துக் காய விட்டேன்.

புதுச் செல் போட்டுப் பொத்தானைத் தள்ளினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் நின்டெண்டோ என்ற பெயர் மேலிருந்து இறங்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் பட்டை இறங்கியது. அது பயப்பட வேண்டிய விஷயமல்ல. கார்ட்ரிட்ஜின் பற்கள் அழுக்கு என்று அர்த்தம். அவற்றையும் துடைத்துச் செருகியதும் பெயர் வந்தது, கூடவே அந்த இரட்டை மணியோசை. அத்தை முகம் மாறிவிட்டது. "இந்தச் சத்தந்தான். காலையில இந்தச் சத்தம் கேட்டாலே பள்ளிக்கூடத்துக்குக் கெளம்புடான்னு கத்துவேன்," என்றார்.

திரையில் நெடுக்காக ஏழெட்டுக் கோடுகள் செத்திருந்தன. இந்த மாதிரிக் கருவிகளுக்கு வயதானால் வரும் நோய் அது. உறையைப் பூட்டியிருக்கும் திருகுகளுக்கு மூன்று கால். சாதாரண ஸ்க்ரூ டிரைவர் பிடிக்காது. கழற்றித் திறந்தால் திரையின் கீழ்விளிம்பில் ஒரு மெல்லிய பட்டை ஒட்டியிருக்கும். கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே மின்சாரம் போகிற வழி அதுதான். நாள்பட்டு அந்த ஒட்டு விட்டுப்போகிறது. சால்டரிங் அயர்னை அதிகம் சூடாக்காமல், பட்டையின்மேல் மெதுவாக, இஸ்திரி போடுவதுபோல் இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு கோடு வந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி இழுத்தேன், பக்கத்தில் இருந்த ஒன்று போய்விட்டது. திரும்ப வந்தேன். கழுத்தெல்லாம் வியர்வை, மின்விசிறி போட்டால் அயர்ன் ஆறிவிடும் என்று அத்தை பாவம் அதையும் நிறுத்தி வைத்திருந்தார். கடைசியில் ஒரே ஒரு கோடு மட்டும் இடது ஓரத்தில் வராமலே நின்றது. அதை அப்படியே விட்டேன்.

மாலையில் பாரதியார் சாலைப் பக்கம் நடந்தேன். திருவிழாவுக்குத் தெரு முழுக்கக் கடைகள். மாம்பழம் கூடை கூடையாக. காரைக்கால் அம்மையாரின் இயற்பெயர் புனிதவதி, இந்த ஊர் வணிகர் ஒருவரின் மகள். கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு மாம்பழத்தில் ஒன்றைச் சிவனடியாருக்கு அன்னத்தோடு இட்டுவிட்டார். கணவன் இரண்டாவதையும் கேட்க, இறைவனிடம் வேண்டி இன்னொன்று பெற்றார் என்பது பெரிய புராணக் கதை. அந்தக் கதையைத்தான் ஊர் ஆண்டுதோறும் நாலைந்து நாள் நடத்திப் பார்க்கிறது. மாப்பிள்ளை அழைப்பு உண்டு, திருக்கல்யாணம் உண்டு, சிவன் பிச்சாண்டவராகப் பவழக்கால் சப்பரத்தில் வீதி வருவார், வீடுகளின் மாடியிலிருந்து மாம்பழம் வீசுவார்கள். அறுபத்துமூவரில் மற்றவர்கள் நிற்க, அம்மையார் மட்டும் உட்கார்ந்த கோலம். கையில் தாளம் இருக்கும். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கும் வெண்கலச் சிலையிலும் எலும்பும் தோலுமாக உட்கார்ந்து தாளம்தான் போடுகிறார்.

அம்மையாரைப் பக்தையாகவும் புலவராகவும் பேசுவோம். அவர் காது எப்பேர்ப்பட்டது என்பதைப் பேசுவது குறைவு. திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு. ஒன்று நட்டபாடைப் பண், மற்றது இந்தளம். அப்பருக்கும் சம்பந்தருக்கும் முன்னாலேயே பண்ணமைத்துப் பதிகம் பாடியவர் என்பதால்தான் 'மூத்த'. அவற்றில் ஒரு பாட்டில் தமிழ்ச் சுரங்கள் ஏழையும் சொல்லி, தொடர்ந்து வாத்தியங்களை அடுக்கிக்கொண்டே போகிறார். தாளமும் வீணையும் உண்டு, தமருகமும் மொந்தையும் உண்டு, குடமுழாவும் உண்டு. குடமுழாவைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கிருந்து திருவாரூர் போனால் போதும். ஐந்து முகம், ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு தொனி. சுடுகாட்டில் பேய்கள் நடுவே நடக்கும் ஆட்டத்தைப் பாடும்போதும் எந்தச் சத்தம் எதிலிருந்து வருகிறது என்று பிரித்துக் கேட்ட பெண் அவர். மூன்று மாதமாக நான்கு குரலுக்குள் ஒரு மேளத்தை அடக்கப் பார்த்த எனக்கு, அவர் சன்னிதியில் நின்றபோது அந்தப் பட்டியல்தான் மனசில் ஓடியது.

நட்டபாடையை இன்று ஓதுவார்கள் நாட்டையிலும் கம்பீரநாட்டையிலும் பாடுகிறார்கள். மல்லாரியும் கம்பீரநாட்டையில்தான். சட்ஜம், அந்தர காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், காகலி நிஷாதம், ஐந்தே சுரம். சாமி புறப்படும்போது வாசிப்பது, சாகித்தியம் கிடையாது. தேருக்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று என்று வகை உண்டு. கேட்ட மாத்திரத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே நிற்பவருக்குத் தெரிந்துவிடும்.

இந்த ராகத்தை நான் எடுத்ததற்குக் காரணம் உண்டு. கேம் பாய் ஒரு சுருதியை ஒரு எண்ணாக வைத்திருக்கிறது. சதுர அலைக் குரலில் 131072-ஐ அந்த எண்ணால் வகுத்தால் வருவது ஹெர்ட்ஸ். எண் 446 என்றால் ஏறக்குறைய 294 ஹெர்ட்ஸ், அதாவது 2 கட்டை சட்ஜம். 447 ஆக்கினால் அரை ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் மேல் இறங்கும். காதுக்கு வழுக்கிப் போவதாகவே படும். இதையே இரண்டு ஸ்தாயி மேலே கொண்டுபோனால் ஒரு எண்ணுக்குப் பத்து ஹெர்ட்ஸ் குதிக்கும். அசைவு அசைவாக இருக்காது, படிக்கட்டில் தகரம் உருளுவதுபோல் இருக்கும். ஆகவே கீழ் சுருதியும் அசைவு குறைந்த ராகமும்தான் இதற்கு வாகு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரி நாயனத்தைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்து சுருதியை இறக்கினாரே, அந்த இரண்டு கட்டை என் பெட்டிக்கும் உபகாரமாக வந்து சேர்ந்தது.

அப்படியும் கமகம் கேட்டு வாங்க வேண்டும். மத்திமத்துக்கு ஒரு சின்ன ஏறல், நிஷாதத்திலிருந்து சட்ஜத்துக்கு ஒரு இழைப்பு, ஒவ்வொன்றையும் எங்கே தொடங்கி எவ்வளவு வேகத்தில் எங்கே முடிய வேண்டும் என்று தனித்தனிக் கட்டளையாக எழுத வேண்டும். எம். சுப்ரமணியன் கர்நாடக சங்கீதத்துக்கென்று 'காயகா' என்ற மென்பொருளைச் செய்தபோது எதிர்கொண்டதும் இதே விஷயம்தான். சுரத்தை மட்டும் கொடுத்தால் கணினி சுரத்தைத்தான் சொல்லும். கமகத்தை நுண்சுரங்களாக, அவற்றின் கால அளவோடு எழுதிக் கொடுத்தால்தான் ராகம் பேசும். கையால் எழுதிப் பார்த்த பிறகுதான், அதுவரை காந்தாரம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒன்றுக்குள் எத்தனை இடம் இருக்கிறது என்று தெரிந்தது.

காலப்பிரமாணத்தில் மட்டும் இந்தப் பெட்டி தங்கம். நான் எழுதும் நிரலில் ஒரு அட்சரம் 24 சிறு துடிப்பு. நான்கு கட்டம் ஒரு அட்சரமென்றால் ஒரு கட்டத்துக்கு ஆறு துடிப்பு. திரையில் ஒரு பக்கத்துக்குப் பதினாறு கட்டம். ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனத்துக்குச் சரியாக இரண்டு பக்கம். மல்லாரியை மூன்று காலத்திலும் வாசிக்க வேண்டும் அல்லவா? ஆறைப் பன்னிரண்டாக்கினால் கீழ்க்காலம், மூன்றாக்கினால் மேல்காலம். ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும், எழுதிய வரிசை அப்படியே இருக்கும். நான்காக்கினால் திஸ்ரம், அட்சரத்துக்கு ஆறு கட்டம், ஆவர்த்தனத்துக்கு மூன்று பக்கம், ஒரு கட்டம் மிஞ்சாது. கண்டம்தான் பிடிவாதம் பிடிக்கும். இருபத்துநான்கை ஐந்தால் வகுக்க முடியாது. நான்கு கட்டத்துக்கு ஐந்தைந்து துடிப்பு, கடைசிக் கட்டத்துக்கு நான்கு என்று கொடுத்துச் சமாளித்தேன். அந்தக் கடைசிக் கட்டம் கடுகளவு குறுகும். ஆனால் கேட்கக் கேட்க அது தவில்காரர் ஒருவர் அடுத்த அடிக்கு அவசரமாகக் கையை எடுப்பதுபோல் இருந்தது. அதை மாற்றவே மனசில்லை.

நான்கு குரலையும் இப்படிப் பங்கு போட்டிருந்தேன். சதுர அலை இரண்டும் இரண்டு நாயனம். தவிலுக்கு வலந்தலையில் கூடு போட்ட விரல் விழும் அந்த வெட்டுச் சத்தம் இரைச்சலிலிருந்து. கழி விழும் தொப்பியின் கும்மென்ற சத்தம் அலைக்குரலிலிருந்து. சுருதி பிடித்து நிற்கும் ஒத்தை எங்கே வைப்பது? ஐந்தாவது குரல் கிடையாது. சிப்ட்யூன்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரே குரலில் மூன்று சுரத்தை மாற்றி மாற்றி மிக வேகமாகப் போட்டால் மூன்றும் சேர்ந்து ஒலிப்பதாகக் காது ஏமாறும். சட்ஜம், பஞ்சமம், மேல் சட்ஜம் என்று அலைக்குரலில் அப்படிச் சுழலவிட்டு, தொப்பி விழும் நேரத்தில் மட்டும் அதை நிறுத்தியிருந்தேன். அது பளபளவென்று மின்னியது, ஒத்தாக இல்லை. பெங்களூரில் ராஜ் நாராயண் 1979-ல் மின்னணுத் தம்பூரா செய்த பிறகு நாட்டில் பாதி ஒத்துக்காரர்களின் இடத்தில் ஒரு பெட்டி உட்கார்ந்துவிட்டது என்பது தெரிந்த கதை. அந்த வேலையைச் செய்ய என் பெட்டிக்குக் குரல் போதவில்லை.

மறுநாள் வீதியுலா. கூட்டம் நெரிந்தது. சப்பரம் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் நெருங்கும்போதும் மாடியிலிருந்து பழங்கள் பறந்து வந்தன. கீழே கை நீட்டி நிற்பவர்கள், முந்தானை விரித்திருப்பவர்கள், குழந்தையைத் தோளில் ஏற்றி நிறுத்தியவர்கள். பிள்ளை வரம் வேண்டி அந்தப் பழத்தைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் அதிகம். என் காலடியில் விழுந்த ஒன்றை எடுக்கக் குனிவதற்குள் ஒரு பெண் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

நாயனக்காரர்களின் பக்கத்திலேயே நடக்கப் பார்த்தேன். இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளம் ஒரு பையனிடம். சுருதிப்பெட்டி ஒன்று தோளில் தொங்கியது. ஆனால் தவில் முழங்கும்போது, வெடி வெடிக்கும்போது, அரோகரா எழும்போது அந்தப் பெட்டியின் சத்தம் எங்கே கேட்கிறது? அவர்கள் அதைக் கேட்டு வாசிக்கவில்லை. சட்ஜம் அவர்களுக்குள்ளேயே இருந்தது. ஒத்து இல்லாமலே சுருதி நிற்பதை அவ்வளவு பக்கத்தில் நின்று அன்றைக்குத்தான் கவனித்தேன்.

இரவு பதினோரு மணிக்கு மேல் ஒரு திண்ணையில் அவர்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவருக்கு எழுபது இருக்கும். கும்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுலயா மல்லாரி?"

"ஆமாங்கய்யா. கொஞ்சம் கேட்டுச் சொல்லணும்."

ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டார். கண்ணை மூடினார். தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். அது எனக்குப் பெரிய ஆறுதல். கீழ்க்காலம் முடிந்து மத்திமகாலம் வந்தபோது தாளம் போட்ட கை ஒரு இடத்தில் நின்றது. அடுத்த ஆவர்த்தனத்திலும் அதே இடத்தில் நின்றது. கழற்றிக் கொடுத்தார்.

"சுரமெல்லாம் இருக்கு தம்பி. காலம் நல்லா நிக்குது. ஆனா ரெண்டு நாயனமும் ஒரே இடத்துல மூச்சு விடுதே? அப்புடி விட்டா நடுவுல ஓட்டை விழுந்துருமில்ல. நான் மூச்சு எடுக்கறப்ப இவரு பிடிச்சுக்கிட்டு நிப்பாரு. இவரு எடுக்கறப்ப நான் நிப்பேன். கேக்கறவங்களுக்கு ஒருத்தரே விடாம வாசிக்கறாப்புல இருக்கணும்."

பக்கத்தில் இருந்த இரண்டாம் நாயனக்காரர் சிரித்தார். "எங்க நிக்கறதுன்னு சொல்லிக் குடுக்கறது இல்லீங்க. அவரு தோள்பட்டை ஏறுறது தெரியும். அப்பவே நான் பிடிச்சுக்குவேன்."

இரண்டாவது சதுர அலைக்கு நான் முதல் குரலின் வரிசையையே நகலெடுத்து, சுருதியை ஒரு மயிரிழை தள்ளி வைத்திருந்தேன். சத்தம் கனமாக வரும் என்று எல்லோரும் செய்வது. ஒரு ஆளை இரண்டாக்கிக் காட்டியிருக்கிறேன். இரண்டு பேரை எழுதவில்லை.

அத்தை வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்தேன். கடற்காற்று. முதல் வேலையாக அலைக்குரலில் மின்னிக்கொண்டிருந்த ஒத்தை எடுத்துவிட்டேன். தொப்பிக்கு அந்தக் குரல் முழுசாகக் கிடைத்ததும் தவில் ஒரு சுற்று பருத்தது. பிறகு இரண்டாம் நாயனத்தை வெற்றுப் பக்கத்தில் முதலிலிருந்து எழுதினேன். முதல் குரல் பன்னிரண்டாம் கட்டத்தில் நிற்கும்; அப்போது இரண்டாவது பஞ்சமத்தைப் பிடிக்க வேண்டும். எத்தனை கட்டம்? நான்கு வைத்தேன், பட்டென்று விட்டது. எட்டு வைத்தேன், இரண்டாமவர் முதலாளாகிவிட்டார். சிவப்பு விளக்கு மங்க ஆரம்பித்ததும் செல்லை மாற்றினேன். தூக்கம் வரவில்லை.

விடியற்காலையில் அம்மையாருக்கு இறைவன் காட்சி தரும் நிகழ்ச்சி. பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். பெரியவர் முன்னால், இரண்டாம் நாயனக்காரர் அவருக்கு இடதுபுறம். இந்தத் தடவை பெரியவர் விரல்களைப் பார்க்கவில்லை, தோள்பட்டையைப் பார்த்தேன். வரிசை இறங்கி வந்தது, தோள் ஏறியது, சீவாளி உதட்டிலிருந்து ஒரு நெல்முனை விலகியது. பஞ்சமம் அறுபடவே இல்லை. இடதுபுறத்திலிருந்து வந்துகொண்டிருந்தது, அடக்கமாக, அவருடைய சத்தத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்து. மனசுக்குள் எண்ணினேன். அடுத்த ஆவர்த்தனத்தில் மறுபடி எண்ணினேன். ஆறு. பெரியவர் திரும்ப உள்ளே வந்த பிறகும் ஒரு கட்டம் அது கூடவே நின்று, அப்புறம்தான் விலகியது.

கூட்டத்திலிருந்து ஒதுங்கி ஒரு கடைப் படிக்கட்டில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். இரண்டாம் குரலின் பக்கத்துக்குப் போய், எட்டை அழித்து ஆறு என்று எழுதி, ஒலி அளவை இரண்டு புள்ளி இறக்கினேன்.